ஒரு பஸ்ஸில் தொடங்கிய குடும்பக் கம்பெனிகள்: 1972தான் முடிவா?

தடம்எண்

தமிழ்நாட்டின் பழைய பஸ் கம்பெனிகளைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் ஒரே இடத்தில் கதையை முடித்துவிடுகிறார்கள். "1972ல் அரசு எடுத்துக்கொண்டது, அத்தோடு போச்சு." எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஏன் என்று விரிவாகச் சொல்கிறேன். மறுப்பவர்கள் இந்த இழையில் தாராளமாக மறுக்கலாம்.

முதலில் கோவைப் பக்கம். ஜி.டி. நாயுடு 1920ல் ஒரே ஒரு பஸ்ஸை வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே தானே ஓட்டினார். கோவையில் தொழில் நடத்திய ஆங்கிலேயர் ராபர்ட் ஸ்டேன்ஸ் பணம் கொடுத்து உதவியது பலருக்கும் தெரிந்த செய்தி. ஆனால் ஏன் அந்தத் தடம் என்று யாரும் கேட்பதில்லை. போத்தனூரிலிருந்து பொள்ளாச்சிக்கு 1915லேயே ரயில் வந்துவிட்டது. அதற்கு அப்பால் பழனி வழியாகத் திண்டுக்கல்லுக்குப் பாதை திறந்தது 1928ல்தான். இடைப்பட்ட காலத்தில் கோவையிலிருந்து பழனிக்குக் கிளம்பியவர்கள் பொள்ளாச்சி ஸ்டேஷனில் இறங்கி மாட்டுவண்டி தேட வேண்டும். ரயில் நின்றுபோன இடத்தில் பஸ்ஸை நிறுத்தினார் நாயுடு. தைப்பூசம், பங்குனி உத்திரம், கிருத்திகை என்று வருடம் முழுக்கக் கூட்டம் வரும் தடம் அது. அந்த ஒரு பஸ்தான் யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்ற யு.எம்.எஸ். ஆக வளர்ந்தது.

அதற்கு முன்பே 1912ல் மதுரையில் பஸ் விட்டவர் டி.வி. சுந்தரம் ஐயங்கார். திருக்குறுங்குடியில் பிறந்தவர். வக்கீல் தொழில், ரயில்வே உத்தியோகம், பாங்கு வேலை எல்லாம் பார்த்துவிட்டுத்தான் இதில் இறங்கினார். பிள்ளைகள் வளர்ந்து தொழிலுக்குள் வந்தார்கள். 'அண்ட் சன்ஸ்' என்று பெயரிலேயே குடும்பத்தை வைத்துக்கொண்ட கம்பெனி.

என் வாதம் இதுதான். இந்தக் குடும்பங்களின் உண்மையான சொத்து பஸ்ஸோ பெர்மிட்டோ அல்ல, பட்டறை. வெளிநாட்டு வண்டியை வாங்கி மதுரையிலோ பொள்ளாச்சியிலோ ஓட்டினால், ஸ்பிரிங் பட்டை உடைந்தால் கப்பலில் சாமான் வரும்வரை காத்திருக்க முடியாது. தானே செய்ய வேண்டும், அல்லது செய்யத் தெரிந்தவனை வளர்க்க வேண்டும். அதைச் செய்தவர்கள் 1972க்கு முன்பே வேறு இடத்துக்குப் போய்விட்டார்கள். சுந்தரம் ஐயங்காரின் டி.வி.எஸ். வீடு தொடங்கிய கடன், உதிரிபாகக் கம்பெனிகளின் வருடங்களைப் பாருங்கள்: சுந்தரம் ஃபைனான்ஸ் 1954, வீல்ஸ் இந்தியா 1960, லூகாஸ் டி.வி.எஸ். 1961, பிரேக்ஸ் இந்தியாவும் சுந்தரம் கிளேட்டனும் 1962. எல்லாம் பஸ் கையை விட்டுப் போவதற்குப் பத்து வருடம் முன்னால். நாயுடு 1937லேயே பீளமேட்டில் மின் மோட்டார் செய்தார். அதே 1937ல் கோவையில் பஸ் கம்பெனியாகத் தொடங்கிய எல்.ஜி.பி. இன்று சங்கிலி செய்யும் கம்பெனி. ஊரில் பாதி பைக்குகளில் ஓடுவது அவர்கள் செயின்தான்.

எனவே 1972 ஒரு கணக்கு முடிப்பு. கதை அங்கே முடியவில்லை.

வைகைக்கரை

தடம்எண் அண்ணா, முதலாளி வீட்டுப் பக்கத்திலிருந்து பார்த்தால் நீங்கள் சொல்வது சரி. பஸ்ஸுக்காக ரோட்டோரம் நின்றவன் பக்கத்திலிருந்து பாருங்கள், அவனுக்கு ஒன்று நிச்சயமாக முடிந்துபோனது. அதுதான் நேரம்.

எங்கள் அப்பா டி.வி.எஸ்.ஸில் கண்டக்டராகச் சேர்ந்து பாண்டியன் ரோட்வேஸ் என்ற அரசுக் கழகத்தில் ஓய்வு பெற்றவர். மதுரைப் பக்கம் பெரியவர்களைக் கேட்டால் பஸ் வந்ததைப் பார்த்துக் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்போம் என்பார்கள். மிகைதான், ஆனால் காரணம் இல்லாத மிகை அல்ல. அந்தக் காலத்தில் மற்ற பஸ்கள் ஆள் நிறைந்த பிறகுதான் கிளம்பும். டி.வி.எஸ். பஸ் நாலு பேர் இருந்தாலும் குறித்த நேரத்தில் கிளம்பும். காலி வண்டியை ஓட்டி நஷ்டப்படத் துணிந்தால்தான் ஜனங்களுக்கு நம்பிக்கை வரும், நம்பிக்கை வந்தால் மறுமாதம் வண்டி நிறையும். இந்தக் கணக்கை வருடக்கணக்கில் பொறுமையாகப் போட்டுப் பார்த்தவர்கள் அவர்கள்.

ரோட்டில் மாட்டு லாடத்திலிருந்து விழும் ஆணிகளைப் பொறுக்கக் காந்தம் கட்டிய வண்டியை ஓட்டினார்கள் என்றும் சொல்வார்கள். டயர் பஞ்சராகித்தான் பெரும்பாலான தாமதம் என்று கண்டுபிடித்து அதன் வேருக்கே போயிருக்கிறார்கள் பாருங்கள். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் கிடைக்காமல் போனபோது கரியில் ஓடும் டி.வி.எஸ். கேஸ் பிளான்ட்டை அவர்களே வடிவமைத்து மற்றவர்களுக்கும் செய்து கொடுத்தார்கள்.

அந்தப் பழக்கம் அரசுக் கழகத்துக்குள் கொஞ்ச காலம் இருந்தது என்று அப்பா சொல்வார். ஏனென்றால் டிரைவர், கண்டக்டர், செக்கர், மெக்கானிக் எல்லாம் அதே ஆட்கள். அவர்கள் ஓய்வுபெற ஓய்வுபெற அதுவும் போய்விட்டது.

ஆனைமலைஅடிவாரம்

பொள்ளாச்சி என்று எழுதிவிட்டு ஏ.பி.டி.யை விட்டுவிட்டால் எப்படி? ஆனைமலைஸ் பஸ் டிரான்ஸ்போர்ட். பி. நாச்சிமுத்து கவுண்டர் 1931ல் 21 பஸ்களோடு தொடங்கியது. பிறகு அவர் மகன் நா. மகாலிங்கம் காலத்தில் பெரிதானது. உங்கள் வாதத்துக்குச் சாதகமாக ஒன்று: சக்தி சுகர்ஸ் தொடங்கியது 1961ல். அதாவது இவர்களும் பஸ் போவதற்கு முன்பே கரும்புக்குப் போய்விட்டார்கள். 1972ல் ஏ.பி.டி. பஸ்களை எடுத்துத்தான் கோவையில் சேரன் போக்குவரத்துக் கழகம் உருவானது. இன்றைக்கு எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஏ.பி.டி. என்றால் பார்சல் சர்வீஸ், இல்லையென்றால் கார் ஷோரூம்.

ஆனால் பட்டறை மட்டும் காரணம் என்று சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன். எங்கள் பக்கம் பஸ் வளர்ந்ததற்குக் காரணம் மலை. வால்பாறைப் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டுகளுக்கு ஆட்கள் சமவெளியிலிருந்து போக வேண்டும், அரிசியும் தபாலும் மேலே போக வேண்டும். ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு. ரயில் எந்தக் காலத்திலும் போட்டிக்கு வராது. அந்த மலையில் தினமும் வண்டி ஏற்றி இறக்கத் தெரிந்த டிரைவர் சமவெளியில் எங்கேயும் ஓட்டுவார். கொங்குப் பக்கத்து டிரைவர்களுக்கு அன்று இருந்த மதிப்பு அங்கிருந்து வந்ததுதான்.

பழையசேசிஸ்

கம்பெனிகளைப் பற்றியே பேசுகிறோம், வண்டிகளைப் பற்றி யாரும் எழுதவில்லை. எனக்குப் பிடித்த பகுதி அதுதான், கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

போருக்கு முந்திய பஸ் என்றால் லாரியின் அடிச்சட்டமான சேசிஸ் மேல் மரக் கூண்டு. முன்னால் மூக்கு நீண்டிருக்கும். பெட்ரோல் எஞ்சின். கைப்பிடி போட்டுச் சுற்றித்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும், அதில் கை உடைந்த கிளீனர்கள் ஏராளம். ஜன்னலுக்குக் கண்ணாடி கிடையாது, மழைக்குப் படுதா. ஃபோர்டும் செவர்லேயும்தான் அதிகம். ஜெனரல் மோட்டார்ஸ் 1928லேயே பம்பாயில் பாகங்களை இறக்கி வண்டி பூட்டத் தொடங்கிவிட்டதால் செவர்லே சுலபமாகக் கிடைத்தது.

போர் வந்ததும் கரி கேஸ். வண்டியின் பின்னால் இரும்புப் பீப்பாய் மாதிரி அடுப்பு, அதில் அடுப்புக்கரி. கிளம்புவதற்கு வெகு நேரம் முன்பே கிளீனர் வந்து ஊதுகுழாய்ச் சக்கரத்தைச் சுற்றி நெருப்பு மூட்ட வேண்டும். கரி எரிந்து வரும் வாயுவை வடிகட்டி எஞ்சினுக்குள் விடுவார்கள். பெட்ரோலில் கிடைத்த இழுவையில் பெரும்பகுதி போய்விடும். மேட்டில் ஆண்கள் இறங்கித் தள்ளுவது வழக்கம். வாயு சரியாக வடிகட்டப்படாவிட்டால் சிலிண்டர் எல்லாம் தார் படிந்து, எஞ்சினைப் பிரித்துப் போட வேண்டியிருக்கும். தடம்எண் சொன்ன பட்டறை வாதத்துக்கு என் ஓட்டு இங்கேதான். அந்தப் போர்க்காலத்தைப் பட்டறை இல்லாத கம்பெனி தாண்டியிருக்க முடியாது.

அடுத்த திருப்பம் பலர் கவனிக்காதது. 1953ல் மத்திய அரசின் டாரிஃப் கமிஷன் (சுங்கவரி ஆணையம்), இந்தியாவில் வெறுமனே பூட்டி விற்காமல் உதிரிபாகங்களையும் இங்கேயே செய்பவர்கள் மட்டும் இருக்கலாம் என்று சொன்னது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கடையைக் கட்டிக்கொண்டு போனார்கள். பஸ் முதலாளிகளுக்கு ஒரே நேரத்தில் பழைய வண்டிக்குச் சாமான் கிடைப்பது நின்றது, புது வண்டிக்கு வேறு பெயரைத் தேட வேண்டியதாயிற்று. பிரீமியர் கம்பெனியின் டாட்ஜ், ஃபார்கோ. ஹிந்துஸ்தான் மோட்டார்ஸின் பெட்ஃபோர்டு. அப்புறம் இரண்டு பெரிய பெயர்கள்.

ஒன்று அசோக் மோட்டார்ஸ். 1948ல் ஆஸ்டின் கார் பூட்ட ஆரம்பித்த கம்பெனி அது. லேலண்டோடு ஒப்பந்தம் போட்டு 1951ல் எண்ணூரில் காமெட் சேசிஸ் பூட்டியது. 1955ல் பெயரே அசோக் லேலண்ட் ஆனது. இன்னொன்று டாட்டா. 1954ல் டெய்ம்லர் பென்ஸ் ஒப்பந்தம், பதினைந்து வருடம். 1969 வரை வந்த வண்டிகளை ஊரில் 'டாட்டா பென்ஸ்' என்றே சொன்னார்கள். முகப்பில் அந்த நட்சத்திரம் இருக்கும்.

சிறு முதலாளிகள் புது டீசல் வண்டி வாங்க முடியாமல் ஒரு நடுவழி கண்டார்கள். சென்னையில் சிம்ப்சன் கம்பெனி பெர்கின்ஸ் பி6 டீசல் எஞ்சின் செய்து விற்றது. பழைய பெட்ரோல் வண்டியின் எஞ்சினைக் கழற்றிவிட்டு அதைப் பூட்டுவார்கள். வண்டி பழசு, சத்தம் புதுசு. எரிபொருள் செலவு குறைந்ததால் பல ஒற்றை வண்டிக் கம்பெனிகள் அறுபதுகளைத் தாண்டியது இந்த எஞ்சினால்தான் என்பது என் கருத்து.

மூன்றுவண்டி

இந்த இழையைப் படித்தபோது சந்தோஷமாகவும் கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது. எல்லோரும் பெரிய வீடுகளைப் பற்றியே எழுதியிருக்கிறீர்கள். எங்கள் தாத்தாவிடம் மூன்று பஸ் இருந்தது. ஆரணிப் பக்கம். பட்டறையும் இருந்தது, வீட்டுக்குப் பின்னால் புளியமரத்தடியில். அங்கிருந்து வீல்ஸ் இந்தியாவுக்கு எப்படிப் போவது என்று தடம்எண் ஐயாதான் சொல்ல வேண்டும்.

எங்கள் கம்பெனி ஐம்பதுகளில் ஒரு பழைய ஃபார்கோவில் தொடங்கியது. பழையசேசிஸ் எழுதியிருக்கும் பெர்கின்ஸ் எஞ்சின் எங்கள் வண்டியிலும் ஏறியது. தாத்தாவும் அவர் தம்பியும் பங்காளிகள். தாத்தா கணக்கு, சின்னத் தாத்தா ஸ்டியரிங். பாட்டிக்குத்தான் உண்மையில் அதிக வேலை. கடைசி டிரிப் முடிந்து டிரைவர், கண்டக்டர், கிளீனர் மூவருக்கும் சோறு எங்கள் வீட்டில்தான். கலெக்‌ஷன் பையைப் பாட்டி முன்னால் கொட்டித்தான் எண்ணுவார்கள்.

காலை டிரிப்பில் நெசவுக்காரர்கள் பட்டுச்சேலை மூட்டையோடு ஏறுவார்கள். கூரை மேல் நெல் மூட்டை, வாழைத்தார், கல்யாணச் சீசனில் கட்டில் பீரோ. பெயர் சொல்லித்தான் ஏற்றுவார்கள். வழக்கமாக வரும் வாத்தியார் வரவில்லை என்றால் தெருமுனையில் ஹாரன் அடித்து ஒரு நிமிடம் நிற்கும். வைகைக்கரை அண்ணா சொன்ன கறாரான நேரம் எங்களிடம் இல்லை. ஆனால் எங்கள் பஸ் வாத்தியாருக்காக நிற்கும். இரண்டும் இரண்டு விதமான மரியாதை என்று நினைக்கிறேன்.

பெர்மிட்கட்டு

மூன்றுவண்டி எழுதியதற்குப் பதில் சட்டத்தில் இருக்கிறது. பெர்மிட் வழக்குகள் பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முப்பதுகளில் சாலை முழுக்கச் சின்ன முதலாளிகள். ஒருவரிடம் ஒரு வண்டி, இரண்டு வண்டி. கட்டணத்தைக் குறைத்து ஒருவரை ஒருவர் அழித்துக்கொண்டார்கள், ரயில்வேயின் வருமானமும் குறைந்தது. 1933ல் மிட்சல், கிர்க்னஸ் என்ற இரண்டு அதிகாரிகள் ரயில் சாலைப் போட்டியைப் பற்றி அறிக்கை கொடுத்தார்கள். அதன் தொடர்ச்சியாக வந்ததுதான் 1939 மோட்டார் வாகனச் சட்டம். அன்றிலிருந்து எந்தத் தடத்தில் எத்தனை வண்டி, எந்த நேரத்தில் என்பதைப் போக்குவரத்து அதிகாரிதான் முடிவு செய்வார். வண்டியின் விலையைவிட பெர்மிட்டின் மதிப்பு கூடியது அப்போதிருந்துதான்.

ஒரு பெர்மிட்டுக்குப் பத்துப் பேர் மனுப் போட்டால் யாருக்குக் கொடுப்பது? சென்னை அரசு 1956 ஏப்ரலில் அரசாணை 1298ஐப் போட்டது. மார்க் முறை. பட்டறை இருக்கிறதா, அனுபவம் எவ்வளவு, அந்தத் தடத்திலேயே குடியிருக்கிறாரா என்று ஒவ்வொன்றுக்கும் மார்க். தடம்எண் கவனிக்க, பட்டறைக்குச் சட்டமே மார்க் போட்டது! இந்த ஆணையை வைத்து நடந்த வழக்குகளைச் சொல்லி மாளாது. கும்பகோணம் ராமன் அண்ட் ராமன் பஸ் கம்பெனி பெயரிலேயே உச்ச நீதிமன்றத்தில் 1956லும் 1959லும் தீர்ப்புகள் உண்டு. கடைசியில் 1964ல் பி. ராஜகோபால நாயுடு வழக்கில், பெர்மிட் கொடுப்பது தீர்ப்புச் சொல்வது போன்ற வேலை, அதில் அரசு இப்படி உத்தரவு போட்டு அதிகாரியின் கையைக் கட்டக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் அந்த ஆணையையே செல்லாது என்றது.

அடுத்து நாட்டுடைமை. பலர் 1972ல் எல்லா பஸ்ஸும் போய்விட்டதாக நினைக்கிறார்கள். சென்னை நகர பஸ்கள் நாற்பதுகளின் கடைசியிலேயே அரசுக்குப் போயின. 1967ல் 75 மைலும் அதற்கு மேலும் உள்ள தடங்கள், சென்னையிலிருந்து கிளம்பும் தடங்கள், கன்னியாகுமரி மாவட்டத் தடங்கள் ஆகியவற்றை எடுப்பது என்று முடிவானது. 1971ல் வந்த சட்டம் ஐம்பது பெர்மிட்டும் அதற்கு மேலும் வைத்திருந்த பெரிய கம்பெனிகளுக்குத்தான். மதுரையில் டி.வி.எஸ்., பொள்ளாச்சியில் ஏ.பி.டி., கும்பகோணத்தில் ராமன் அண்ட் ராமன் என்று 1972ல் அவர்கள்தான் போனார்கள். அங்கங்கே பாண்டியன், சேரன், சோழன் என்று மூவேந்தர் பெயரில் கழகங்கள் வந்தன.

மூன்று வண்டிக்காரர் அந்தச் சட்டத்துக்குள் வரவே இல்லை. எனவே இழையின் தலைப்பில் உள்ள கேள்விக்கு என் பதில்: 1972 பெரியவர்களின் வருடம். சின்னவர்களுக்கு அப்படி ஒரே வருடம் கிடையாது.

தடம்எண்

பெர்மிட்கட்டு ஐயா, நல்ல விளக்கம். மூன்றுவண்டி, உங்கள் கேள்விக்கு என்னால் முடிந்த பதில்.

பெரிய வீடுகள் பட்டறையிலிருந்து தொழிற்சாலைக்குப் போனதற்கு நடுவில் இன்னொரு படி உண்டு, வியாபாரம். டி.வி.எஸ். தன் பஸ்ஸுக்கு வாங்கிய சாமானை மற்றவருக்கும் விற்றது, பிறகு வண்டிகளையே விற்றது, பிறகு வண்டி வாங்கக் கடன் கொடுத்தது. டி.எஸ். சந்தானம் தொடங்கிய சுந்தரம் ஃபைனான்ஸின் வாடிக்கையாளர் யார்? ஒரு லாரி, ஒரு பஸ் வைத்திருந்த உங்கள் தாத்தா மாதிரியான மனிதர்கள்தான். அதாவது சின்ன முதலாளி இல்லாமல் பெரிய முதலாளி வளரவில்லை. என் முதல் பதிவில் இந்தப் பக்கத்தைச் சேர்த்துப் படியுங்கள், வாதம் இன்னும் வலுவாகும்.

ஆனால் ஐம்பது என்ற அந்த எண்ணை நினைத்துப் பாருங்கள். நாற்பத்தைந்து வண்டி வைத்திருந்தவர் 1971ல் என்ன நினைத்திருப்பார்? இன்னும் ஐந்து வாங்குவாரா?

மூன்றுவண்டி

வாங்க மாட்டார். எங்கள் வீட்டிலேயே அந்தப் பயம் இருந்தது. மூன்று வண்டிக்காரருக்கு எதற்குப் பயம் என்று கேட்கலாம். சட்டம் மறுபடி மாறும், இன்றைக்கு ஐம்பது என்றால் நாளைக்கு ஐந்து என்று தாத்தா சொல்லிக்கொண்டே இருப்பார். அதனால் நான்காவது வண்டி வாங்கவே இல்லை. 1973ல் தனியார் பஸ்களை அரசு எடுக்க இன்னொரு கையகச் சட்டம் வந்ததும் அவருடைய பயம் உறுதியாகிவிட்டது.

பெர்மிட்கட்டு

அந்த 1973 சட்டம் உயர் நீதிமன்றத்தில் செல்லாது என்று ஆகி, 1983ல் அபு காவூர் பாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. நடுவில் பத்து வருடம். அந்தப் பத்து வருடம் கடன் கொடுப்பவருக்கும் தயக்கம், வாங்குபவருக்கும் தயக்கம். சின்னக் கம்பெனிகள் வளராமல் நின்றதற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை. சிறு முதலாளிகளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது அவர்கள் பெர்மிட்டுக்கு இடம் கொடுத்த 1992ன் சிறப்புச் சட்டத்துக்குப் பிறகுதான்.

கரூர்க்கூண்டு

நான் பஸ் கூண்டு (பாடி) கட்டும் பட்டறையில் வேலை பார்ப்பவன். பழையசேசிஸ் ஐயா விட்ட இடத்திலிருந்து சொல்கிறேன்.

சேசிஸ் எண்ணூரிலிருந்தோ ஓசூரிலிருந்தோ மொட்டையாகத்தான் வரும். எஞ்சின், சக்கரம், ஸ்டியரிங், ஒரு தற்காலிக சீட்டு, அவ்வளவுதான். டிரைவர் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு வெயிலிலும் மழையிலும் ஓட்டி வருவார். தமிழ்நாட்டுத் தனியார் பஸ்ஸில் மிகப் பெரும்பாலானவை கரூரில் கூண்டு கட்டியவை, கேரளா, கர்நாடகா வண்டிகளும் உண்டு.

முதலாளிகளில் இரண்டு வகை. வண்டி நிறையக் கட்டுபவர் மானேஜரை அனுப்புவார், வரைபடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். ஒற்றை வண்டிக்காரர் அப்படி இல்லை. லாட்ஜில் அறை எடுத்துக்கொண்டு தங்குவார். ஆங்கிள் வெல்டிங் ஆகும்போது பக்கத்திலேயே நிற்பார். சீட்டு ரெக்சின் நிறத்துக்கு வீட்டில் போன் போட்டுக் கேட்பார். படிக்கட்டு உயரத்தை ஒரு அங்குலம் குறைக்கச் சொல்வார், எங்கள் தடத்தில் கிழவிகள் அதிகம் என்பார். அலுமினியத் தகடு அடித்து, பெயிண்ட் அடித்து, கண்ணாடிக்கு மேல் குலதெய்வம் பெயர் எழுதும் நாளில் குடும்பமே வந்துவிடும். முதல் எலுமிச்சம்பழம் நசுங்கிய பிறகுதான் வண்டி பட்டறையை விட்டு வெளியே போகும்.

முன்பு உள்ளே மரச்சட்டம் இருந்தது, பிறகு இரும்பு. இப்போது பஸ் கூண்டுக்கு மத்திய அரசு விதி வந்து, எல்லாவற்றுக்கும் அளவு, எல்லாவற்றுக்கும் சான்றிதழ். பாதுகாப்புக்கு அது வேண்டியதுதான், கவிழ்ந்த வண்டிகளைப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். ஆனால் சின்ன பட்டறைகள் பல அந்தச் செலவைத் தாங்க முடியாமல் மூடிவிட்டன. கிழவிக்காக ஒரு அங்குலம் குறைப்பதை இப்போது யாரும் கேட்பதும் இல்லை, நாங்கள் செய்வதும் இல்லை.

யாழ்வீதி

நான் யாழ்ப்பாணம். எங்கடை பக்கத்துக் கதை கொஞ்சம் வேறை எண்டதாலை எழுதுறன். இலங்கையிலை 1942ல வந்த சட்டத்தோடை ஒரு வழித்தடத்துக்கு ஒரு கொம்பனிக்குத்தான் உரிமம் எண்டு வந்தது. அதாலை ஒற்றை பஸ் வைச்சிருந்த ஆக்கள் சேர்ந்து கொம்பனி ஆக்கவேண்டி வந்தது. பிறகு 1958 ஜனவரி 1ஆம் திகதி எல்லாக் கொம்பனியையும் ஒரே நாளிலை அரசு எடுத்து இலங்கைப் போக்குவரத்துச் சபை ஆக்கினது. பெரிசு, சின்னது எண்ட பேதம் இல்லை. உங்கடை மாதிரி ஐம்பது எண்ட கோடு ஒண்டும் போடேல்லை. லண்டனிலை ஓடிக் களைச்ச இரட்டைத் தட்டு பஸ்கள் கனக்க அதுக்குப் பிறகு இஞ்சை வந்தது. கொம்பனிக்காரர் குடும்பங்கள் தொழிற்சாலைக்குப் போன கதை எங்கடை பக்கத்திலை நான் கேள்விப்படேல்லை. அதாலை தடம்எண் அண்ணை சொல்லுற பட்டறைக் கதை தமிழ்நாட்டுக்குத்தான் பொருந்துது எண்டு நினைக்கிறன்.

தடம்எண்

யாழ்வீதி, மிக்க நன்றி. நீங்கள் சொன்னது முக்கியமான வித்தியாசம். இங்கே பெரிய வீடுகளுக்கு ஐம்பதுகளும் அறுபதுகளும் முழுதாகக் கிடைத்தன. இறக்குமதியை நிறுத்தி எல்லாவற்றையும் இங்கேயே செய்யச் சொன்ன காலமும் அதுதான். வெளிநாட்டுக் கம்பெனி இங்கே கூட்டாளி தேடியபோது, வண்டியைப் பற்றித் தெரிந்த குடும்பங்கள் தயாராக இருந்தன. 1958லேயே இங்கும் எல்லாவற்றையும் எடுத்திருந்தால் பாதித் தொழிற்சாலைகள் வந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

வைகைக்கரை

முதலாளிகள் எங்கே போனார்கள் என்று நிறையப் பேசிவிட்டோம். தொழிலாளிக்கு 1972 நல்ல வருடம் என்பதையும் பதிவு செய்ய வேண்டும். டி.வி.எஸ். தன் ஆட்களை நன்றாக வைத்திருந்தது. ஆனால் எல்லாக் கம்பெனியும் அப்படி இல்லை. சின்னக் கம்பெனிகளில் விடுமுறை கிடையாது, வண்டி ஓடினால்தான் பேட்டா, டிக்கெட் கணக்கில் குறைந்தால் கண்டக்டர் தலையில் கட்டுவார்கள். அரசுக் கழகத்துக்குள் போன பிறகுதான் அப்பாவோடு வேலை பார்த்த பலருடைய பிள்ளைகள் கல்லூரிக்குப் போனார்கள். கிராமத்துக்கு பஸ் வந்ததும் அதற்குப் பிறகுதான். கலெக்‌ஷன் வராத தடத்தில் எந்த முதலாளியும் வண்டி விட மாட்டார். மூன்றுவண்டி தம்பி கோபித்துக்கொள்ளக் கூடாது.

மூன்றுவண்டி

கோபம் இல்லை அண்ணா, உண்மைதான். எங்கள் வீட்டிலும் கிளீனர் பையன்களுக்குச் சோறு போட்டார்கள், சம்பளம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை.

எங்கள் கம்பெனி முடிந்தது அரசால் அல்ல, பாகப்பிரிவினையால். தாத்தா காலமானதும் மூன்று மாதத்துக்குள் பெர்மிட்டை வாரிசு பெயருக்கு மாற்ற வேண்டும். வாரிசுகள் அப்பா, பெரியப்பா, சின்னத் தாத்தாவின் இரண்டு மகன்கள். மூன்று வண்டி, நான்கு பங்கு. ஒரு வண்டியின் கலெக்‌ஷனை இரண்டு பேர் மாதம் மாற்றி மாதம் எடுத்துக்கொள்வது என்று ஏற்பாடு. தன் மாதத்தில் ஓட்டுவான், அடுத்தவன் மாதத்துக்கு டயர் மாற்ற வேண்டியதை விட்டுவிடுவான். அப்படி ஒரு ஏற்பாட்டில் எந்த வண்டி நிற்கும்? ஒவ்வொன்றாகப் பெர்மிட்டோடு விற்றார்கள். கடைசி வண்டி போனபோது பாட்டி இருந்தார். வாசலுக்கு வரவில்லை.

மிச்சம் இருப்பது ஒரு டிரங்குப் பெட்டி. டிரிப் ஷீட், டிக்கெட் கட்டு, முதல் வண்டியின் ஆர்.சி. புத்தகம், ஒரே ஒரு போட்டோ. போட்டோவை இங்கே ஏற்றியிருக்கிறேன். ஃபார்கோ என்றுதான் வீட்டில் சொல்வார்கள், ஆனால் முகப்பில் பெயர்ப்பட்டை இல்லை. பழையசேசிஸ் ஐயா பார்த்துச் சொல்ல முடியுமா?

பழையசேசிஸ்

பார்த்தேன் தம்பி. கூண்டை வைத்து எதுவும் சொல்ல முடியாது, அது உள்ளூரில் கட்டியது. மூக்கும் மட்கார்டும் டாட்ஜ் ஃபார்கோ குடும்பம்தான், பெட்ஃபோர்டு இல்லை. டாட்ஜா ஃபார்கோவா என்பது பெயர்ப்பட்டையில் மட்டும் இருந்த வித்தியாசம், வண்டி ஒன்றேதான். எனவே வீட்டில் சொன்னதையே வைத்துக்கொள்ளுங்கள்.

போட்டோவைவிட ஆர்.சி. புத்தகம் முக்கியம். அதில் தயாரிப்பாளர் பெயர், சேசிஸ் எண், எஞ்சின் எண் மூன்றும் இருக்கும். எஞ்சின் எண்ணை அடித்துவிட்டு வேறு எண் எழுதி அதிகாரி கையெழுத்துப் போட்டிருந்தால், பெட்ரோல் என்பதை டீசல் என்று மாற்றியிருந்தால், பெர்கின்ஸ் ஏறிய தேதி அதுதான். அந்தப் பக்கத்தைத் தெளிவாக ஸ்கேன் செய்து போடுங்கள். டிரிப் ஷீட்டுகளைத் தேதி வாரியாக அடுக்குங்கள், லேமினேட் மட்டும் செய்துவிடாதீர்கள், காகிதம் பாழாகிவிடும்.

மூன்றுவண்டி

எஞ்சின் எண் அடித்திருக்கிறது ஐயா. பக்கத்தில் முத்திரை மங்கலாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஸ்கேன் செய்து ஏற்றுகிறேன்.